பண்ணை நிலத்தின் வழியே வலசைப் பாதை: அமெரிக்க அரசுத் திட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் விவசாயத் துறை, நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பணம் கொடுத்து மண்ணையும் நீரையும் காக்கும் திட்டங்களைப் பல பத்தாண்டுகளாக நடத்துகிறது. சமீப வருடங்களில் அதே திட்டங்களை மான், எல்க் என்ற பெரிய மான் வகை, பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற சமவெளி விலங்கு ஆகியவற்றின் வலசைப் பாதைகளைக் காக்கவும் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே நிலம் வைத்திருப்பவர்களுக்கும், நிலம் இல்லாவிட்டாலும் இதில் அக்கறை உள்ளவர்களுக்கும் வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

விலங்குகளுக்குத்தான் இவ்வளவு பெரிய தேசியப் பூங்காக்கள் இருக்கின்றனவே, விவசாய நிலம் எதற்கு?

பூங்காவில் அவை வருடம் முழுக்க இருப்பதில்லை. எல்லோஸ்டோனை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அந்த மலைப்புல்வெளிகளில் ஆயிரக்கணக்கான எல்க்குகள் மேயும், ஆனால் குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால் அங்கே தின்ன ஒன்றும் கிடைக்காது, அதனால் தாழ்வான பள்ளத்தாக்குகளுக்கு இறங்கும். அந்தப் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் தனியார் பண்ணைகள். பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்தை 1862-ம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, வந்தவர்கள் தண்ணீரும் நல்ல மண்ணும் இருந்த அடிவாரத்தைத்தான் எடுத்தார்கள். உயரமான மலையும் வறண்ட புதர்க்காடும் அரசிடமே தங்கிவிட்டன. ஆக மேற்கு மாநிலங்களில் விலங்கின் கோடைக்கால இருப்பிடம் அரசிடம் இருக்கிறது, குளிர்கால இருப்பிடத்தில் பெரும்பகுதி மாட்டுப் பண்ணைக்காரர் கையில் இருக்கிறது. பூங்காவை எவ்வளவு கச்சிதமாகக் காத்தாலும் கீழே இருக்கும் பண்ணை பிளாட் போட்டு விற்கப்பட்டால் மேலே இருக்கும் மந்தையும் சுருங்கும்.

கிழக்கிலும் தெற்கிலும் நிலைமை இன்னும் தெளிவு. டெக்சஸில் 90 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம்தான். அங்கே விவசாயியைச் சேர்க்காமல் எந்த வனவிலங்குத் திட்டமும் நடக்காது.

வலசைப் பாதை என்றால் வரைபடத்தில் ஒரு கோடு போல இருக்குமா?

இல்லை, அப்படி நினைப்பதால்தான் நிறையத் திட்டங்கள் தவறான இடத்தில் பணம் போடுகின்றன. வயோமிங்கில் ரெட் டெசர்ட்டிலிருந்து ஹோபேக் வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்துபோகும் மியூல் மான்களைப் பற்றி 2014-ல் வெளி உலகத்துக்குத் தெரியவந்தது. அதே கூட்டத்தைச் சேர்ந்த, கழுத்துப்பட்டையில் ஜிபிஎஸ் மாட்டிய ஒரு பெண் மான் இன்னும் தள்ளிப்போய் ஐடஹோ மாநிலம் வரை, ஒரு வழிக்கே சுமார் 390 கிலோமீட்டர் நடந்தது. இவை விறுவிறுவென்று நடந்து போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. வசந்தத்தில் பனி உருக உருக, தாழ்வில் தொடங்கி மேலே மேலே புல் துளிர்க்கும். அந்தத் துளிரோடு சேர்ந்தே மான்களும் ஏறும். வயோமிங் மான்களை ஆராய்ந்தவர்கள் வலசைக் காலத்தில் 95 சதவீத நேரத்தை அவை வழியில் தங்கி மேயும் இடங்களிலேயே கழிக்கின்றன என்று கண்டார்கள். கர்ப்பமாக இருக்கும் மான் இழந்த கொழுப்பைத் திரும்பப் பெறுவது அந்த இடங்களில்தான். எனவே கடந்துபோக ஒரு சந்து விட்டால் போதாது, வழியில் மேய நல்ல புல்லும் புதரும் வேண்டும், அதில் நிறைய தனியார் மேய்ச்சல் நிலம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பாதை தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்வது. காட்டுச் செம்மறிகளையும் மூஸ் என்ற பெரிய மான்களையும் புது இடத்துக்குக் கொண்டுபோய் விட்டபோது, அவை அங்கே வலசை போகக் கற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு பாதை அறுந்துபோனால் பக்கத்தில் இன்னொன்று ஒதுக்கிக்கொடுத்துச் சரிக்கட்ட முடியாது.

எந்தெந்த அரசுத் திட்டங்கள் இதற்குப் பயன்படுகின்றன?

பெயர்கள் நிறைய. ஆனால் அரசு செய்வது மூன்று காரியம்தான்: சில வருடங்களுக்கு வாடகை கொடுக்கிறது, வேலை செய்யச் செலவில் பங்கு போடுகிறது, அல்லது நிலத்தின் சில உரிமைகளை விலைக்கு வாங்கி முடக்குகிறது.

வாடகை கொடுப்பது சிஆர்பி என்ற திட்டம். விவசாயத் துறையின் எஃப்எஸ்ஏ அலுவலகம் நடத்துவது. செலவில் பங்கு போடுவது ஈக்விப், 1996-ல் வந்தது, இதை நடத்துவது என்ஆர்சிஎஸ் என்ற மண் மற்றும் இயற்கை வளப் பிரிவு. 1930-களின் புழுதிப் புயல்களில் சமவெளி மண் பறந்துபோன காலத்தில், 1935-ல் தொடங்கிய அமைப்பு அது. உரிமை வாங்குவது ஏசெப், 2014-ம் ஆண்டு விவசாயச் சட்டத்தில் பழைய மூன்று திட்டங்களைச் சேர்த்து உருவாக்கியது. இவை போக, ஏற்கெனவே நன்றாகப் பராமரிப்பவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செய்ய ஐந்து வருட ஒப்பந்தத்தில் பணம் கொடுக்கும் சிஎஸ்பி என்ற திட்டமும் உண்டு. எதிலும் கட்டாயம் கிடையாது, விரும்பியவர் விண்ணப்பிக்கலாம்.

சிஆர்பி எப்படி வேலை செய்கிறது?

1985-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்த திட்டம். அரிப்பு அதிகமுள்ள, அல்லது ஓடைக்கரை போன்ற நுட்பமான இடத்திலுள்ள விளைநிலத்தை விவசாயி 10 முதல் 15 வருடங்களுக்குச் சாகுபடியிலிருந்து எடுத்துவிட்டு, அங்கே புல்லோ மரமோ வளர்க்க வேண்டும். பதிலுக்கு வருடாவருடம் ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகை வரும், நட்டு வளர்க்கும் செலவிலும் ஒரு பங்கு வரும். நோக்கம் முதலில் மண் அரிப்பைத் தடுப்பதும் மிதமிஞ்சிய விளைச்சலைக் குறைப்பதும்தான், வனவிலங்கு பிறகுதான் பட்டியலில் ஏறியது.

சேர மூன்று வாசல்கள் உண்டு. பெரிய பரப்புக்கான பொதுச் சேர்க்கை, இதில் போட்டி உண்டு, மதிப்பெண் போட்டுத்தான் எடுப்பார்கள். ஓடைக்கரைப் பட்டை, ஈரநிலம், பூச்சிகளுக்கான பூச்செடிகள் போன்ற சின்னச் சின்னத் துண்டுகளுக்கான தொடர் சேர்க்கை, இதில் தகுதி இருந்தால் பொதுவாகப் போட்டி இல்லை. மூன்றாவது புல்வெளிச் சேர்க்கை. பாதைகள் என்ற கோணத்தில் பார்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும்தான் என் கண்ணுக்கு முக்கியம், ஏனென்றால் பொதுச் சேர்க்கையில் நிலம் எங்கெங்கோ தனித்தனித் திட்டாகச் சேர்ந்துவிடுகிறது, ஓடைக்கரைப் பட்டைகளோ இயல்பாகவே ஒன்றோடொன்று இணைகின்றன.

மேய்ச்சல் நிலத்தைச் சேர்த்தால் மாடு மேய்க்கக் கூடாதா?

மேய்க்கலாம். புல்வெளிச் சிஆர்பியின் அடிப்படையே அதுதான். உழுது பயிர் வைக்கக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது, பறவைகள் கூடு கட்டும் காலத்தில் புல் அறுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. மற்றபடி மாடு மேயும், வாடகையும் வரும். ஏக்கருக்கான தொகை விளைநிலத்தை விட மிகக் குறைவு, ஆனாலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது வங்கித் தவணையைக் கட்ட உதவும். சிஆர்பியில் ஒருவருக்கு வருடத்துக்கு 50,000 டாலர் என்ற உச்சவரம்பு இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2021-ல் இந்தச் சேர்க்கையில் எல்லோஸ்டோன் வட்டாரத்தின் எல்க் வலசைப் பகுதியைத் தேசிய முன்னுரிமைப் பகுதியாக அறிவித்தார்கள். அந்தப் பகுதியில் விண்ணப்பித்தால் கூடுதல் மதிப்பெண். ஒரு விவசாயத் திட்டம் விலங்கின் பாதையைப் பார்த்து மதிப்பெண் போட்டது பெரிய மாற்றம் என்றே நினைக்கிறேன்.

ஈஸ்மென்ட் என்றால் நிலத்தை அரசுக்கு எழுதிக் கொடுப்பதா?

இல்லை. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம், வழக்கம்போல் வரியும் கட்டுவீர்கள். விற்பது ஓரிரு உரிமைகளை மட்டும், முக்கியமாக அதைக் கூறுபோட்டு வீட்டுமனையாக்கும் உரிமையை. அது பத்திரத்தில் ஒரு வில்லங்கமாக ஏறிவிடும், யார் வாங்கினாலும் அந்த நிபந்தனையோடுதான் வாங்க வேண்டும்.

ஏசெப்பில் இது இரண்டு வகை. விவசாய நிலத்துக்கான வகையில் மத்திய அரசு நேரடியாக உங்களிடமிருந்து உரிமை வாங்குவதில்லை. நிலப் பாதுகாப்பு அறக்கட்டளையோ மாநில அரசோ பூர்வகுடி அரசோ வாங்கி வைத்துக்கொள்ளும், அந்த உரிமையின் சந்தை மதிப்பில் பாதி வரை என்ஆர்சிஎஸ் கொடுக்கும், சிறப்புச் சூழல் மதிப்புள்ள புல்வெளி என்றால் 75 சதவீதம் வரை. மீதியை அந்த அமைப்பு திரட்டும், அல்லது நில உரிமையாளர் ஒரு பகுதியை நன்கொடையாக விட்டுக்கொடுத்து வருமானவரிச் சலுகை பெறுவார். இரண்டாவது வகை ஈரநிலத்துக்கானது. இதில் அரசே நேரடியாக வாங்கும். நிரந்தரம் என்றால் முழு மதிப்பும் கிடைக்கும், 30 வருடம் என்றால் அதைவிடக் குறைவு. பழைய வாய்க்கால்களை மூடி நீரைத் திரும்பத் தேக்கும் செலவையும் பெருமளவு அரசே ஏற்கும்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு நன்மை குடும்பத்துக்குள் நடப்பது. ஒரு பண்ணைக்காரர் இறந்ததும் வாரிசுகளில் ஒருவர்தான் மாடு வளர்க்க விரும்புவார், மற்றவர்கள் நகரத்தில் இருப்பார்கள், அவர்களுக்குப் பங்கு வேண்டும். கையில் பணம் இல்லாவிட்டால் நிலத்தை விற்பதைத் தவிர வழியில்லை. ஈஸ்மென்ட்டில் வரும் தொகையைக் கொண்டு மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொண்டு பண்ணையைக் கூறுபோடாமல் நடத்தியவர்கள் உண்டு. வலசைப் பாதை அறுபடும் தருணங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட பாகப் பிரிவினைகள்தான் என்பதால், அந்த நேரத்தில் கைக்கு வரும் பணத்துக்கு வேறெந்தச் செலவையும் விட மதிப்பு அதிகம்.

வேலிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

வேலி விலங்கைக் கொல்கிறது, அதனால்தான். யூட்டா, கொலராடோ மாநிலங்களில் சாலையோர வேலிகளை நடந்து எண்ணிப் பார்த்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, சராசரியாக 4 கிலோமீட்டர் வேலிக்கு வருடத்துக்கு ஒரு மான் வகை விலங்கு சிக்கிச் சாகிறது என்றது. மேற்கு அமெரிக்காவில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வேலி ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். அது போக, கடக்க முடியாமல் வேலியோரமாகவே நடந்து களைத்துப்போவதும், தாய் தாண்டிவிட்டுக் குட்டி இந்தப் பக்கம் நின்றுவிடுவதும் எந்தக் கணக்கிலும் ஒழுங்காக வருவதில்லை.

எல்லா விலங்கும் ஒரே மாதிரிக் கடப்பதில்லை. மானும் எல்க்கும் தாவும், தாவும்போது பின்னங்கால் மேலிரண்டு கம்பிகளுக்கு நடுவே மாட்டி முறுக்கிக்கொள்ளும். பிராங்ஹார்ன் அநேகமாகத் தாவவே தாவாது. திறந்த சமவெளியில் ஓடியே வாழ்ந்த விலங்கு அது, கம்பிக்கு அடியில் தவழ்ந்துதான் போகும், அடிக்கம்பி முள்ளாக இருந்தால் முதுகு கிழியும், தரையை ஒட்டி இருந்தால் போகவே முடியாது. ஆட்டுப் பண்ணைக்காகப் போட்ட பழைய வலைக்கம்பி வேலிகள் அதற்கு ஒரு சுவர்.

தீர்வு விலை மலிவானது, வேலை எளிது. அடிக்கம்பியை முள்ளில்லாத வழுவழுப்பான கம்பியாக மாற்றி 16 முதல் 18 அங்குலம் வரை உயர்த்துவது, மேல்கம்பியை 40 அல்லது 42 அங்குலத்துக்கு மேல் போகாமல் வைப்பது, மேலிரண்டு கம்பிகளுக்கு நடுவே குறைந்தது 12 அங்குலம் இடைவெளி விடுவது. மாடு இல்லாத மாதங்களில் படுக்கப் போட்டுவிடும் வேலிகளும் இருக்கின்றன. சேஜ் கோழிகள் என்ற புதர்வெளிப் பறவைகள் மோதும் இடங்களில் கம்பியில் குறிப் பட்டைகள் மாட்டுவார்கள். ஈக்விப் இந்த வேலைச் செலவில் 75 சதவீதம் வரை கொடுக்கும், புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள் போன்ற சிலருக்கு 90 சதவீதம் வரை. ஈக்விப் நிதியில் குறைந்தது 10 சதவீதம் வனவிலங்குப் பணிகளுக்கே போக வேண்டும் என்று 2018-ம் ஆண்டு விவசாயச் சட்டம் சொல்கிறது.

உபயோகமில்லாத பழைய வேலியை மொத்தமாகப் பிடுங்கி எறிவது எல்லாவற்றையும் விட நல்லது. அப்படிப் பல வேலிகள் நிற்கின்றன, யார் போட்டார்கள் என்று தற்போதைய உரிமையாளருக்கே தெரியாது.

இதெல்லாம் உண்மையில் பலன் தந்ததா?

தந்த இடங்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் லூசியானாவின் கருங்கரடி. மிஸிஸிப்பி ஆற்றுப்படுகைக் காடுகளை, சோயா விலை ஏறிய 1960, 70-களில் வெட்டி வயலாக்கினார்கள். கரடிகள் ஒன்றையொன்று சந்திக்க முடியாத திட்டுகளில் மாட்டிக்கொண்டன, 1992-ல் அவை அழிவு அபாயப் பட்டியலில் ஏறின. அந்த வயல்களில் பல அடிக்கடி வெள்ளத்தில் மூழ்குபவை, சாகுபடி லாபமே இல்லை. ஈரநிலத் திட்டத்தில் ஈஸ்மென்ட் விற்றுவிட்டு விவசாயிகள் அங்கே ஓக் முதலிய மரங்களை நட்டார்கள், டென்சாஸ் ஆற்றுப் பகுதியில் காட்டுத் திட்டுகள் மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டன, 2016-ல் கரடி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. லாபமில்லாத நிலத்தை விவசாயி கையைக் கடிக்காமல் விட்டுவிட முடிந்தது, கரடிக்கு வழி கிடைத்தது. இருவரில் யாருக்கும் நஷ்டமில்லை.

அயோவாவில் வேறு விதமான அனுபவம். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும்தான். அயோவா அரசுப் பல்கலைக்கழகம் 2007 முதல் நடத்திய சோதனையில், வயலில் 10 சதவீதத்தை மட்டும் பூர்விகப் புல்லும் பூச்செடியும் கொண்ட பட்டைகளாக மாற்றியபோது வயலிலிருந்து அடித்துச் செல்லப்படும் மண் சுமார் 95 சதவீதம் குறைந்தது, பறவைகளும் தேனீக்களும் பெருகின. 2018-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பட்டைகளையே சிஆர்பியில் சேர்க்கலாம். இது எல்க் நடக்கும் பாதை இல்லை. பூச்சிகளும் சிறு பறவைகளும் ஒரு புல்வெளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போவதற்கான இணைப்பு. டகோட்டா மாநிலங்களின் குட்டைகள் நிறைந்த புல்வெளியில், சிஆர்பி நிலத்தால் 1992-க்கும் 2004-க்கும் இடையே வருடத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் வாத்துகள் கூடுதலாகப் பொரிந்தன என்பது மத்திய மீன், வனவிலங்குத் துறையின் மதிப்பீடு.

ஃப்ளோரிடாவில் சிறுத்தை எனப்படும் அந்த ஊர் பூமாவின் கதை இன்னும் பாதியில் நிற்கிறது. அது தெற்கு முனையில் ஒடுங்கிக் கிடந்தது, வடக்கே போக கலூசஹாட்சி ஆற்றைத் தாண்ட வேண்டும், பல பத்தாண்டுகளாக ஆண்கள் மட்டுமே தாண்டின. 2017-ல் ஆற்றுக்கு வடக்கே குட்டிகளோடு ஒரு தாய் காணப்பட்டபோதுதான் இனப்பெருக்கம் அங்கே மீண்டும் தொடங்கியது உறுதியானது. அவை நடமாடும் வழி முழுக்க மாட்டுப் பண்ணைகள், அவற்றில் மத்திய அரசின் ஈரநில ஈஸ்மென்ட்டும் மாநில அரசின் பண்ணை நில ஈஸ்மென்ட்டும் ஒட்டி ஒட்டி வாங்கப்படுகின்றன. 2021-ல் ஃப்ளோரிடா வனவிலங்குப் பாதைச் சட்டம் சுமார் 1.8 கோடி ஏக்கரை அடையாளம் காட்டியது. அதில் ஏறக்குறைய பாதி இன்னும் பாதுகாக்கப்படவில்லை, மாநிலத்தில் வீட்டுமனை விலையோ ஏறிக்கொண்டே போகிறது.

வயோமிங்கில் 2022-ல் என்ன புதிதாகச் செய்தார்கள்?

அதற்கு முன்பும் திட்டங்கள் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் தன் போக்கில் போனது. ஒரு பண்ணைக்காரர் வாடகைக்கு ஓர் அலுவலகம், வேலிக்கு இன்னோர் அலுவலகம், ஈஸ்மென்ட்டுக்கு மூன்றாவது இடம் என்று அலைய வேண்டும், ஒன்றில் சேர்ந்தால் அதே நிலத்துக்கு இன்னொன்று கிடைப்பதிலும் சிக்கல். 2022-ல் விவசாயத் துறையும் வயோமிங் மாநிலமும் சேர்ந்து, வலசை விலங்குகளின் முக்கியப் பகுதிகளில் இந்த மூன்றையும் ஒரே கட்டாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். ஒரே நிலத்தில் புல்வெளி வாடகையும் வாங்கலாம், ஈக்விப்பில் வேலியும் மாற்றலாம், களைப்புல்லும் அகற்றலாம். அடுத்த வருடம் மொன்டானாவுக்கும் ஐடஹோவுக்கும் விரிவாக்கினார்கள்.

பாதைகளை வரைவது மாநில வனவிலங்குத் துறைகளின் ஜிபிஎஸ் தரவு. 2018-ல் உள்துறை அமைச்சகம் (அங்கே அரசு நிலங்களையும் வனவிலங்குகளையும் கவனிப்பது அதுதான்) பிறப்பித்த ஓர் உத்தரவுக்குப் பிறகு அந்த வரைபட வேலை மேற்கு மாநிலங்கள் முழுக்க வேகமெடுத்தது. எங்கே பணம் போடுவது என்று இப்போது ஊகிக்க வேண்டியதில்லை.

சேர்ந்தால் பொதுமக்கள் என் நிலத்துக்குள் வரலாமா? வேட்டைக்காரர்கள்?

வர முடியாது. இந்தத் திட்டங்கள் எதுவும் பொதுமக்களுக்கு நுழையும் உரிமை தருவதில்லை. அதற்கென்று வேறு திட்டம் இருக்கிறது, விருப்பமிருந்தால் மட்டும். அதிகாரிகள் ஒப்பந்தப்படி நடக்கிறதா என்று பார்க்க வருவார்கள். நீங்கள் விவசாயத் துறைக்குக் கொடுக்கும் பண்ணை விவரங்களை வெளியிடக் கூடாது என்று 2008-ம் ஆண்டு விவசாயச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது.

எல்க் மந்தை வந்து இறங்கினால் பண்ணைக்காரருக்கு நஷ்டம்தானே?

நஷ்டம்தான், அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. மாட்டுக்கென்று வைத்த புல்லைத் தின்னும், வைக்கோல் போரில் கை வைக்கும், வேலியை மிதித்துச் சாய்க்கும். எல்லோஸ்டோன் சுற்றுவட்டாரத்தில் எல்க்குகளிடம் புரூசெல்லோசிஸ் நோய் இருக்கிறது, அது மாட்டுக்குப் பரவினால் கன்று சிதையும், மந்தை மொத்தமும் தனிமைப்படுத்தலில் போகும், விற்க முடியாது. எல்க்கின் பின்னால் ஓநாயும் பழுப்புக் கரடியும் வரும். மத்திய அரசு பாதுகாக்கும் விலங்கு மாட்டைக் கொன்றால் இழப்பீடு கேட்க விவசாயத் துறையில் வழி இருக்கிறது, ஆனால் செத்த மாட்டைக் கண்டுபிடித்து நிரூபிக்க வேண்டும், மலைப் பகுதியில் அது லேசான காரியமில்லை.

பொதுமக்கள் பூங்காவில் ரசிக்கும் மந்தைக்குக் குளிர்காலத் தீனி போடுபவர் இந்தப் பண்ணைக்காரர்தான். அவருக்குக் கொடுக்கும் வாடகையைச் சலுகை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை, அது அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கான கூலி. அந்தக் கூலி சரியாகக் கிடைக்காத இடத்தில்தான் வீட்டுமனைத் தரகரின் குரல் இனிமையாகக் கேட்கிறது.

பத்துப் பதினைந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் என்ன ஆகும்?

பலவீனமான இடம் இதுதான். 2007-ல் சிஆர்பியில் 3.68 கோடி ஏக்கர் இருந்தது, அதுவரை இல்லாத உச்சம். அப்புறம் மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எரிபொருளான எத்தனாலின் தேவையோடு சேர்ந்து மக்காச்சோள விலை ஏறியது, ஒப்பந்தம் முடிந்த நிலங்களை விவசாயிகள் திரும்ப உழுதார்கள், 2014-ம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பையும் 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தது. பத்து வருடம் வளர்ந்த புல்வெளி ஒரே வசந்தத்தில் கலப்பைக்குப் போனது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது, வாடகை சந்தையோடு போட்டி போடவில்லை. 2018-ம் ஆண்டுச் சட்டம் வரம்பைப் படிப்படியாக 2.7 கோடிக்கு உயர்த்தியது. அந்தச் சட்டத்தின் காலம் 2023-ல் முடிந்து, புதிது வராமல் நீட்டிப்பிலேயே ஓடியபோது நிலம் வைத்திருப்பவர்கள் எதை நம்பித் திட்டமிடுவது என்று குழம்பினார்கள்.

அதனால் பணம் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போகக் கூடாது என்பது என் கருத்து. பாதை குறுகி இறுகும் இடங்களில் நிரந்தர ஈஸ்மென்ட் வாங்க வேண்டும், அகன்ற மேய்ச்சல் வெளிகளில் வாடகையும் வேலி மாற்றமும் போதும். வயோமிங்கின் பைன்டேல் அருகே ஃப்ரீமான்ட் ஏரிக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான இடத்தில், நாலைந்தாயிரம் மான்கள் வருடாவருடம் கடக்கும் வழியில், 364 ஏக்கர் தனியார் நிலம் விற்பனைக்கு வந்தது. ஏரிக்கரை வீடுகள் கட்டியிருந்தால் அந்த வலசை அங்கேயே முடிந்திருக்கும். ஒரு பாதுகாப்பு அமைப்பு வாங்கி மாநில வனவிலங்குத் துறையிடம் ஒப்படைத்தது. 364 ஏக்கர் என்பது மேற்கில் சின்னப் பண்ணை. அதை இழந்திருந்தால் 240 கிலோமீட்டர் நீளத்தில் வேறெங்கு எவ்வளவு வாடகை கொடுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

பாதையில் நெடுஞ்சாலை குறுக்கிட்டால்?

விவசாயத் திட்டப் பணம் சாலைக்கு வராது. அதற்கு வேறு நிதி, 2021-ம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தில் விலங்குகள் கடக்கும் பாலங்களுக்கென்று 35 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆனால் இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். பைன்டேல் பக்கத்திலேயே டிராப்பர்ஸ் பாயின்டில் 2012-ல் இரண்டு மேம்பாலங்களும் ஆறு சுரங்கப் பாதைகளும் கட்டி முடித்தார்கள், பிராங்ஹார்ன்கள் மேலேயும் மான்கள் பெரும்பாலும் கீழேயும் போகின்றன. பாலத்தின் இரு முனையிலும் இருக்கும் நிலம் வீடாகிவிட்டால் அந்தப் பாலத்துக்கு வரும் விலங்கு இருக்காது.

நிலம் வைத்திருக்கிறேன், எங்கே தொடங்குவது?

உங்கள் கவுன்டியிலுள்ள (நம் மாவட்டம் போன்றது) விவசாயத் துறையின் சேவை மையத்துக்குப் போங்கள். எஃப்எஸ்ஏவும் என்ஆர்சிஎஸ்ஸும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் இருக்கும். முதலில் உங்கள் நிலத்துக்குப் பண்ணை எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பதிந்துகொள்ளுங்கள், அது இல்லாமல் எதுவும் நகராது. பிறகு என்ஆர்சிஎஸ் திட்டமிடுபவரை நிலத்துக்கே அழைத்து நடந்து காட்டுங்கள். எங்கே மான் கடக்கிறது, எந்த மூலையில் வேலி அடிக்கடி சாய்கிறது, எந்தப் பகுதியை உங்கள் தேவைக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது என்பதையெல்லாம் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. மாநில வனவிலங்குத் துறையின் உள்ளூர் உயிரியலாளரையும் கூட வரச் சொன்னால் விண்ணப்பத்துக்கு வலு சேரும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள், முன்கூட்டியே போட்ட வேலிக்கு ஈக்விப் பணம் தராது. சிஆர்பியிலிருந்து பாதியில் விலக நினைத்தால் அதுவரை வாங்கிய வாடகை முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், மேலே ஒரு வருட வாடகையில் கால் பங்கு அபராதமும் உண்டு. ஆகவே அடுத்த பத்து வருடத்தில் நிலத்தை விற்கும் எண்ணம் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பேசி முடிவெடுங்கள்.

விண்ணப்பம் தேறவில்லை என்றால்?

பெரும்பாலும் நிதி தீர்ந்ததுதான் காரணமாக இருக்கும், நிலம் தகுதியில்லை என்று அர்த்தமில்லை. என்ன மதிப்பெண் கிடைத்தது, எதில் குறைந்தது என்று அலுவலகத்தில் கேட்கலாம், சொல்வார்கள். பக்கத்துப் பண்ணைக்காரரும் சேர்ந்து விண்ணப்பித்தால் பாதை தொடர்ச்சியாகும் என்பதைக் காட்ட முடியும். ஈக்விப் விண்ணப்பத்தை அடுத்த சுற்றுக்குத் தள்ளி வைக்கச் சொல்லலாம், திரும்ப முதலிலிருந்து எழுத வேண்டாம். அதற்குள் அடிக்கம்பியை மட்டும் உயர்த்த வேண்டுமென்றால் சில உள்ளூர் அமைப்புகள் தன்னார்வலர்களோடு வந்து ஓரிரு நாளில் செய்து கொடுக்கின்றன, ஆனால் அதே வேலிக்குப் பிறகு ஈக்விப் கேட்க உத்தேசமிருந்தால் தொடும் முன் திட்டமிடுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.